மூன்றும் ஒரே படம்

செஞ்சிக் கூட்டு ரோட்டில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, ஜனங்கள் தப்பும் தவறுமாகத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் யாரையும் கேட்காமல் திருத்தி அடித்துவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அந்தத் தலைக்கனம்தான் டெய்சி டீச்சரைக் கவிழ்த்தது.

டெய்சி பக்கத்துத் தனியார் பள்ளியில் அறிவியல் எடுத்தார். கண்காட்சி நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று தாளாளர் சொல்லியிருந்தாராம். சூரியக் குடும்பத்தைப் பற்றி மனிதர்கள் எப்படியெல்லாம் நினைத்தார்கள் என்று காட்ட, ஒரு பேனருக்கு மூன்று படம் கையால் வரைந்து தந்தார். பண்டைக் காலத்துப் படத்தில் பூமி நடுவில்; சூரியன் அதைச் சுற்றியது. கோப்பர்நிக்கஸ் படத்தில் சூரியன் நடுவில், சுற்றிலும் வட்டங்கள். கெப்ளர் படத்தில் அந்த வட்டங்கள் நசுங்கி, சூரியன் ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது.

தலைப்புகளை அடித்தேனே தவிர, அவற்றைப் படித்தேன் என்று சொல்ல முடியாது. சூரியன்தான் நடுவில் என்று பத்தாவது பாஸ் செய்த எனக்குத் தெரியாதா? பாவம், டீச்சர் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார் என்று முதல் படத்தில் சூரியனை நடுவே வைத்தேன். மூன்றாவதின் நசுங்கலை நிமிர்த்தி, அழகான வட்டமாக்கி, சூரியனையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். மூன்றும் ஒரே படமாகிவிட்டது.

கண்காட்சி அன்று காலையில்தான் பேனர் போய்ச் சேர்ந்தது. அதைக் கட்டி முடிப்பதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்.

"மூணும் ஒண்ணாவே இருக்குதே, இதுல இன்னாம்மா மாறிச்சு?" என்று பெற்றோர்கள் முன்னால் அவர் சிரித்தாராம்.

மத்தியானம் தாளாளர் போன் செய்தார். "டீச்சர் குடுத்த மாதிரியேதான் அடிச்சியா, ஆனந்தராஜ்?"

பள்ளிக்கூடத்து வேலை மொத்தமும் என் கடைக்குத்தான் வரும். "ஆமா சார், குடுத்தபடியேதான்" என்றேன். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

சாயங்காலம் டெய்சி கடைக்கு வந்தார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணா, நான் பூமிய நடுவுல வரையலியா? அம்மாவ ஆஸ்பத்திரில வச்சிக்கினு வரைஞ்சேன், எனக்கே டவுட்டா இருக்குது. அந்தப் பேப்பர் இருக்குதா?"

டிராயரில்தான் இருந்தது. "குப்பைல போயிருக்கும் டீச்சர்" என்றேன்.

மூன்று நாள் போனது. கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோளுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் எழுதியிருந்தார். எவ்வளவு கேவலமான ஆள் நான் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. நாலாம் நாள் தாளோடு போய்த் தாளாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாய்யா? தப்பு என்னுதுதான்னு அந்தப் பொண்ணே எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுடுச்சி. வேற ஆளும் போட்டாச்சு."

பஸ் பிடித்து டெய்சியின் ஊருக்குப் போனேன். வாசலிலேயே தாளை நீட்டி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"சரியா வரைஞ்சது நல்லா ஞாபகம் இருந்துச்சுண்ணா. குடுத்தபடியேதான் அடிச்சேன்னு நீங்களே சார்கிட்ட சொன்னதும், எனக்குத்தான் புத்தி கொழம்பிடுச்சின்னு நம்பிட்டேன்."