திருகாணியில் நின்ற மூச்சு

1983ஆம் வருடம் தை மாதம் பதினோராம் தேதி காலையில் செத்துப்போயிருக்க வேண்டிய சமயநல்லூர் பேயாண்டி, நாலரை வருடம் கழித்து, அதுவும் இரண்டு தவணையாகத்தான் செத்தார். ஆயுசு கெட்டி என்பதெல்லாம் இல்லை. அவர் மகன் நல்லகாமன் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவன். தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் சிவப்புக் கிடார் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பக்கவாதத்தில் கிடந்த தகப்பனின் கட்டைவிரலில் மையைத் தடவி, மேற்கு வயலை விற்று அதை வாங்கி வந்தான். அதன் கழுத்தில் மூன்று திருகாணிகள் இருந்தன. வளைந்த சின்னச் சாவியால் அவற்றை இறுக்கிவிட்டால் கம்பிகளுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைப்பிடியை எம்புட்டு அழுத்தினாலும் சத்தம் பாதாளத்துக்கு இறங்கும். கையை விட்டால் இம்மி பிசகாமல் பழைய சுருதிக்கே வந்து நிற்கும். அன்று உள்ளே பேயாண்டிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே மாட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து மகன் மூன்றாவது திருகாணியை இறுக்கினான். மூச்சு தொண்டைக்குழியோடு நின்றது. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

பேயாண்டியின் மகள் அன்னக்கொடிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அத்தை ஒச்சாயியின் மகன் முத்திருளனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவன் பழங்காநத்தத்தில் டயர் கடை வைத்திருந்தான். தகப்பன் இழுத்துக்கொண்டு கிடக்கும் வீட்டில் பந்தக்கால் ஊன்ற முடியாது. மாமா கண்ணை மூடட்டும், அடுத்த முகூர்த்தத்தில் தாலி கட்டுகிறேன் என்று முத்திருளன் சொல்லிவிட்டான். அப்பாவின் மேல் அவளுக்கு உயிர். அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில்தான் கிடந்தன, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல்.

"மண்ணாசை போகலடி எங்கண்ணனுக்கு. வயக்காட்டு மண்ண அள்ளியாந்து கரைச்சு ஊத்து, போயிரும்" என்றாள் ஒச்சாயி. வழக்கம் அதுதான். ஊற்றினார்கள். பேயாண்டி மூன்று மடக்குக் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு அப்படியே கிடந்தார். விற்றுப்போன வயலின் மண்ணை ஊற்றினால் யாருக்கு உயிர் போகும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் நல்லகாமன் கொட்டத்தில் கைப்பிடியை அழுத்தினான். உள்ளே தகப்பனின் மூச்சு அடிவயிற்றுக்கு இறங்கியது. விட்டான், தொண்டைக்குழிக்கு ஏறியது. அடுத்த கச்சேரியில் ஒலிபெருக்கியில் கம்பியின் சத்தத்தோடு ஒரு கிழவனின் முனகலும் சேர்ந்து வந்தது. சனங்கள் சொக்கிப்போனார்கள். ஒரு வருடத்துக்குள் சோழவந்தான் முதல் திருமங்கலம் வரை அவன் இல்லாத கச்சேரி கிடையாது.

"அண்ணே, அந்தத் திருகாணியக் கொஞ்சம் தளத்திவிடுண்ணே. அப்பா போய்ச் சேரட்டும்" என்று அன்னக்கொடி கேட்டாள்.

"தளத்துனா சுருதி கலைஞ்சிரும் தாயி. முகூர்த்த மாசம் முடியட்டும்."

முகூர்த்த மாதங்கள் முடிந்தால் கோயில் கொடை மாதங்கள் வந்தன. அவை முடிந்தால் மறுபடியும் முகூர்த்தம். சாவியை அவன் அரைஞாண்கயிற்றில் கட்டியிருந்தான், குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. 1985இல் அதே கட்டைவிரலில் மறுபடி மையைத் தடவி, மிச்சமிருந்த கிணற்றடி வயலையும் விற்று, ஒரு கறுப்புக் கிடார் வாங்கினான். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். பேயாண்டி வீட்டில் கிடந்தபடியே ஊர் ஊராக முனகினார்.

வயல்தான் கிடாராகிவிட்டது என்பது 1986 வைகாசியில்தான் ஒச்சாயிக்கு உறைத்தது. நல்லகாமன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அன்னக்கொடி சிவப்புக் கிடாரின் முதுகை அரிவாள்மனையால் சுரண்டி, அந்தப் பெயிண்டைப் பாலில் கரைத்து அப்பாவுக்கு ஊற்றினாள். பேயாண்டியின் இடது பாதி செத்தது. இடது கண் மூடியது, இடது கால் சில்லிட்டது. வலது கண் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிணற்றடி வயல் கறுப்புக் கிடாரில் அல்லவா இருந்தது! பாதிச் சாவுக்குக் கேதம் கேட்க வரலாமா கூடாதா என்று ஊர் கூடிப் பேசி, முடிவுக்கு வராமல் கலைந்தது. அன்று முதல் நல்லகாமன் கறுப்புக் கிடாரைக் கட்டிக்கொண்டே படுத்தான். பதினான்கு மாதம் கழித்து, ஆடியில், அவன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோதுதான் அவளால் அதைச் சுரண்ட முடிந்தது. வலது பாதியும் அடங்கியது. நகக்கண்களில் கறுப்புப் பெயிண்ட் அப்பியிருக்க, அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நல்லகாமன் அவளைவிட அதிகமாக அழுதான். இரண்டு கிடாரும் வெறும் மரப்பெட்டியாகப் போயிருந்தன.

ஆவணியில் கல்யாணம் என்று குறித்தார்கள். அதற்கு எட்டு நாள் முன்பு நல்லகாமன், செத்துப்போன அம்மா மகளுக்கென்று விட்டுப்போன நகைகளைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஒரு வெள்ளைக் கிடாரோடு திரும்பினான். அன்னக்கொடி ஊதாங்குழலை வாயில் வைத்து அடுப்பை ஊத மூச்சு இழுத்தாள். கொட்டத்தில் அவன் மூன்றாவது திருகாணியை இறுக்கினான்.

அவள் சாகவில்லை. நடந்தாள், தண்ணீர் சுமந்தாள், சோறு பொங்கினாள். மூச்சு மட்டும் அவளிடம் இல்லை. அவன் கைப்பிடியை ஆட்டும்போது வந்துபோகும். பேச்சும் அப்போதுதான் வரும். அப்படிக் கிடைத்த முதல் மூச்சில், "அண்ணே, தளத்திவிடுண்ணே, நான் ஒரு மூச்சு விட்டுக்கிறேன்" என்றாள். "முகூர்த்த மாசம் முடியட்டும் தாயி" என்றான் அவன். ஒச்சாயி வந்து அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மறுநாளே உசிலம்பட்டிக்கு வேறு பெண் பார்க்கப் போனாள். மூச்சில்லாதவளைக் கட்டி நான் என்ன செய்ய என்று முத்திருளன் கேட்டானாம். இவளுக்காக நாலரை வருடம் காத்திருந்தவன்தான்.

1988 தையில் முத்திருளனுக்குப் பழங்காநத்தத்தில் கல்யாணம் நடந்தது. சாயங்கால வரவேற்புக்கு நல்லகாமன் கச்சேரி. வெள்ளைக் கிடாரின் கைப்பிடியை அவன் அழுத்தித் தூக்கியபோது ஒரு பெண் விம்முவது ஒலிபெருக்கியில் கேட்டது. தகப்பனைவிட மகள் இனிமை என்று விவரம் தெரிந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையே எழுந்து நின்று "ஒன்ஸ்மோர்" கேட்டான்.

சமயநல்லூரில் அன்னக்கொடி விறகை அடுக்கிவிட்டு, ஊதாங்குழலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன் தயாராக உட்கார்ந்திருந்தாள். கச்சேரி இல்லாத நாளில் அந்த வீட்டு அடுப்பு எரிவதில்லை. முதல் மூச்சு வந்ததும் ஊதினாள். ஈர விறகு, புகைந்தது. இரண்டாவதாக வந்ததையும் வீணாக்காமல் ஊதினாள். தீப் பிடித்துக்கொண்டது. அண்ணன் பசியோடு வருவான் என்று உலையை வைத்தாள்.