‘இருக்கா?’ என்று கேட்கும் செலவு

துணி வெட்டும் இயந்திரத்தின் மேசையில் நாலு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். அதன் ஒரு முனையில் கட்டிங் அண்ணன் துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை வாங்க வரும் விருந்தாளிகளுக்கு ஓட்டிக் காட்ட, தையல் ஆலையிலிருந்து ஒருநாள் கூலிக்கு வந்தவர். மறுமுனையில் டெஸ்டிங் அக்கா மடிக்கணினித் திரையில் இரண்டு கோடுகள் ஊர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ரெண்டு பாம்பு ஊருது?"

"ஒண்ணு கேட்டுக் கேட்டு ஓடுறதுண்ணே. இன்னொண்ணு கேக்காம ஓடுறது."

"யாரை என்ன கேக்குது?"

மேசை ஓரத்தில் பதித்த சென்சார் கண்கள் பிளேடைக் கை நெருங்குகிறதா என்று பார்க்கும்; நெருங்கினால் பிளேடு நிற்க வேண்டும். பார்த்ததெல்லாம் இயந்திரத்தை ஓட்டும் நிரலுக்குள் வரிசையான பெட்டிகளில் போய் உட்காரும். அந்தப் பெட்டிகளை அவள் செய்யவில்லை. எல்லோரும் எடுத்து உபயோகிக்கும் நிரல் லைப்ரரியில் ஆயத்தமாகக் கிடைப்பவை. எந்தப் பெட்டியைத் திறக்கப் போனாலும், அப்படியொரு பெட்டி இருக்கா என்று லைப்ரரி முதலில் கேட்கும். இல்லையென்றால் மொத்தத்தையும் நிறுத்திவிடும். அந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் ‘இருக்கா’ என்றே பேர். வேண்டாமென்றால் ஒரு சொல்லை மாற்றி அணைத்துவிடலாம்.

"கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள லட்சக்கணக்குல கேக்குதுண்ணே. ஒரு தடவைகூட சலிச்சுக்கல."

"அடேயப்பா! எங்க வீட்டுல அடுப்பை அணைச்சியான்னு ஒரு தடவை கேட்டாலே சண்டை வருது."

இந்தக் கேள்வி எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளக்கச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து அளந்தாள். இப்போது இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்து ஒரே கோடாகிவிட்டன; கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரே நேரம்தான். பதில் ‘இருக்கு’ என்றுதான் வரும் என முன்னாடியே ஊகித்துக்கொண்டு கணினியின் சிப் ஓடிவிடுகிறது. கேள்வி நிழல்போலக் கூடவே ஓடிவருகிறது. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தவளுக்கு அதைப் பார்த்ததும் புல்லரித்தது.

அப்போது விருந்தாளிகளோடு அவளுடைய மேலதிகாரி வேகம் சார் நுழைந்தார். ‘வேகமே மூச்சு’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியவர். எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. வேகத்தைப் பற்றி நிதானமாக, நெடுநேரம் பேசினார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

பிளேடு தண்ணீரில் மீன் போலத் துணிமேல் ஓடியது. விருந்தாளிகள் வாயைப் பிளந்தார்கள். கடைசி மூலையில் ஒரு சுருக்கம். பழக்க தோஷத்தில் கட்டிங் அண்ணன் அங்கே கையை வைத்தார். பிளேடு அவர் விரலை நோக்கித் திரும்பியது, செத்ததுபோல நின்றது. திரையில் சிவப்பெழுத்து: ‘இல்லாத பெட்டி கேட்கப்பட்டது.’

பிளேடுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நகத்தின் கனம்தான் இடைவெளி. கையை எடுக்கவும் மறந்து நின்றார் அண்ணன். "கும்பிடணும் போல இருக்கும்மா," என்றார்.

"நின்னு போச்சே?" என்றார் ஒரு விருந்தாளி.

"சின்ன விக்கல்," என்று சிரித்து, வேகம் சார் அவர்களைக் காபிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "மானத்தை வாங்கிருச்சு. அந்த இருக்காவை எடு."

"தப்புப் பண்ணினது அது இல்ல சார், தப்பைப் பிடிச்சுக் குடுத்தது அது. அந்த மூலைக்குப் போறப்ப நம்ம நிரல்ல ஏதோ ஒரு வரி இல்லாத கண்ணோட பெட்டியைக் கேக்குது. எந்த வரின்னு தேடணும்."

"தேடு. அவங்க காபி குடிச்சு முடிக்கட்டும்."

"அதுக்குள்ள முடியாது சார். செலவு எவ்வளவுன்னு கேட்டீங்களே, அளந்துட்டேன். செலவே இல்ல."

"எல்லார் முன்னாடியும் நின்னுச்சே, அது செலவில்லையா?"

"கேக்காம விட்டா, பக்கத்துல கிடக்கிற குப்பையை எடுத்துப் பதில்னு நம்பிடும். கை இருக்கப்பவே கை இல்லைன்னு நம்பும்."

"நம்பட்டும். நம்பிக்கைதாம்மா வியாபாரம்."

"நான் எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப நகரு. நாளையிலேர்ந்து வர வேணாம்."

அவரே குனிந்து அந்த ஒரு சொல்லை மாற்றினார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் ஒரு வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

அவர் வாசலுக்குப் போனதும் அண்ணன் பக்கம் வந்தாள். "அண்ணே, அந்த மூலைக்குக் கை கொண்டு போகாதீங்க. இனிமே நிக்காது."

"சுருக்கம் விழுந்து துணி வீணாச்சுன்னா, கைவேலை சரியில்லைம்பாங்க. அப்புறம் எவன் கூப்பிடுவான்?" என்றவர், பையிலிருந்து மர அளவுகோலை எடுத்தார். "இதால நீவிக்கிறேன்."

விருந்தாளிகள் திரும்பி வந்தார்கள். பிளேடு ஓடியது. கடைசி மூலையில் சுருக்கம் விழ, அண்ணன் அளவுகோலை நீட்டினார். பிளேடு வந்தது. நிற்கவில்லை. அளவுகோலின் நுனி துண்டாகித் தரையில் விழுந்தது.

"அடடா, மரத்தையே வெண்ணெய் மாதிரி வெட்டுதே!" கைதட்டல் எழுந்தது. வேகம் சார் தலை தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார். "இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றார்கள்.

அண்ணன் துண்டைக் குனிந்து எடுத்தார். அவருடைய சுட்டுவிரல் நீளம் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த துணியை விரித்தார். மீந்த அளவுகோலை நீட்டிப் பார்த்தார். அந்த மூலைக்கு எட்டவில்லை.

டெஸ்டிங் அக்கா சுவரோரம் போய், இயந்திரத்துக்கு மின்சாரம் போகும் சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பிளேடு நகர்ந்தது. அவள் கண் அவர் விரல்களிலேயே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது: இருக்கா? இருக்கா? இருக்கா?