மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

அவளுடைய அக்காள் புருஷன் பெரிய கட்டடக்கலைஞர். அவருடைய அலுவலகத்தில் அவளுக்கு மின்செலவைக் கணக்கிடும் வேலை. எந்தச் சுவரில் எவ்வளவு வெயில் விழும், ஏசி எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று கட்டடம் எழும்புவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். ஏழு மாடி வணிக வளாகம் ஒன்றுக்கு, மேற்குப் பக்கம் ஜன்னல்களைச் சிறிதாக்கி, வெளியே நிழல் தடுப்புகள் வைக்கச் சொன்னாள். அப்படிச் செய்தால் மின்செலவு பாதியாகும்.

"தடுப்பு வச்சா கட்டடம் கோழிக்கூண்டு மாதிரி இருக்கும்" என்று அத்தான் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தார். அறிக்கையில் மட்டும் அவளுடைய பழைய கணக்கையே வைத்தார். அதைக் காட்டி மின்சிக்கனத்துக்கான பரிசும் வாங்கினார்.

முதல் கோடையிலேயே சாயம் வெளுத்தது. மின்செலவு எகிறியது. கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மாள் கேட்டபோது அத்தான் கொஞ்சமும் கூசவில்லை.

"கணக்குப் போட்ட பொண்ணு தப்புப் பண்ணிட்டா. கொழுந்தியாதானேன்னு நம்பிட்டேன்."

அவளுக்கு வேலை போனது. போன இடமெல்லாம், "கணக்குல கோட்டை விட்டது நீங்கதானே?" என்றார்கள்.

"வீட்டு விஷயத்தைப் பெருசு பண்ணாதடி. அவர் பேரு கெட்டா எங்க கதி என்ன?" என்றாள் அக்கா.

"என் பேரு?"

அக்கா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டு, பதினொரு மாதம் அவள் வன்மத்தை அடைகாத்தாள். அதே அம்மாள் இரண்டாவது கட்டடத்தையும் அத்தானிடமே கொடுக்கப்போகிறார் என்று காதில் விழுந்ததும் நேரே போய் நின்றாள்.

"என்னை நம்ப வேணாம்மா. அடுத்த கூட்டத்தை ஆறாவது மாடி மேற்கு அறையில, மத்தியானம் மூணு மணிக்கு வைங்க. ஒரு மணி நேரம் ஏசியை நிறுத்தச் சொல்லுங்க. போதும்."

கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அத்தானுடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி வியர்வை வரைபடத்தில் சொட்டியது.

"ஏசி ரிப்பேரா?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் அம்மாள்.

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். ஒரே ஒரு தாளை அத்தான் முன்னால் வைத்தாள். 'தடுப்புகளை எடுத்தால் என் கணக்குச் செல்லாது' என்று கண்ணாடி பதிக்கும் முன்பே அவள் எழுதிக்கொடுத்த கடிதம் அது. அடியில் 'பார்த்தேன்' என்று அத்தானின் கையெழுத்து.

"சத்தமாப் படிங்க அத்தான்."

அவர் எழுந்தார். "வெளியே போய்ப் பேசலாமே. மூச்சு முட்டுது."

"உட்காருங்க. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. இந்தப் பக்கம் வேலை செய்யறவங்க ஏசி போட்டும் தினமும் இங்கதான் வேகறாங்க."

"உட்காருங்க சார்" என்றார் அம்மாளும்.

அவர் உட்கார்ந்தார். படித்தார். பாதியில் குரல் கம்மியது. "திரும்பப் படிங்க, காதுல விழல" என்றாள் அவள். நன்றாகவே விழுந்திருந்தது.

இரண்டாவது கட்டடம் வேறொரு கட்டடக்கலைஞருக்குப் போனது. மின்சிக்கனப் பொறுப்பு முழுவதும் அவள் கைக்கு வந்தது. பரிசு கொடுத்தவர்கள் விளக்கம் கேட்டு எழுத, அத்தான் சத்தமில்லாமல் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "இப்ப உன் மனசு குளிர்ந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "குளிர்ந்துச்சுக்கா" என்றாள்.

அக்கா போனை வைத்தவள்தான், இன்றுவரை பேசவில்லை. தங்கையோ ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.