எல்லாருக்கும் குமார் சாடை

மாரண்டஹள்ளியில் ஆக்சிலியா பசியோடு படம் எடுத்தால், படத்தில் இருக்கிற எல்லாரும் எதையாவது மென்றுகொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை, பெண், பூசை வைத்த பாதிரியார், முன்வரிசையில் தூங்கிப்போன மாமா என்று ஒருவரும் இதற்குத் தப்பியதில்லை. ஆண்டி என்கிற பெரியவரின் டீக்கடை மாடியில் அவள் ஸ்டுடியோ திறந்த முதல் வருடமே ஊருக்கு இது தெரிந்துபோனது. ஓசூரிலிருந்து ஆள் வந்து கேமராவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதில் ஒரு கோளாறும் இல்லை என்று காசு வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் புது வழக்கம் ஒன்று உண்டானது. விசேஷ வீடுகளில் முதல் பந்தியில் முதல் இலை போட்டோக்காரிக்கு. தாய்மாமன்கள் சிலர் முறுக்கிக்கொண்டார்கள். ஆல்பத்தில் தங்கள் வாயைப் பார்த்த பிறகு அவர்களே அவளைக் கைப்பிடித்து இலைக்கு அழைத்துப் போனார்கள்.

விஷயம் பசியோடு நின்றுபோயிருந்தால் பரவாயில்லை. அம்மா தெரசாவோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் எடுத்தால், குடும்பப் படத்தில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். தலைவலியோடு எடுத்தால் எல்லார் நெற்றியிலும் தைலம் மினுமினுக்கும். படம் எடுக்க வருகிறவர்கள் மாடி ஏறுவதற்கு முன் ஆண்டியிடம் விசாரித்துக்கொண்டார்கள். "இன்னிக்கு அந்தப் பொண்ணு மனசு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால், மண்டியில் தக்காளி விலை சொல்வதுபோல ஆண்டி சொல்வார்: "காலையில சுமாருங்க. மத்தியானத்துக்கு மேல ஏறும், இருந்து எடுத்துட்டுப் போங்க." கீழ்த்தெரு ராமக்காள் செத்தபோது வழக்கப்படி பிணத்தை நாற்காலியில் சார்த்தி, மக்கள் சுற்றி நிற்க, கடைசிப் படம் எடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஆக்சிலியா ஏதோ காரணமில்லாத சந்தோஷத்தில் இருந்துவிட்டாள். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் சிரிக்காத ராமக்காள் படத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வருவார்கள் என்று ஆக்சிலியா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, மகன்கள் வந்து ஆளுக்கொரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்கள்.

பிறகு அவளுக்குக் குமார்மேல் பிரியம் வந்தது. குமார் தக்காளி லாரி ஓட்டுகிறவன். காது கொஞ்சம் பெரிது, மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல், தக்காளிப் பெட்டி விழுந்து முகவாயில் ஒரு வெட்டு. டீக்கடையில் டம்ளரை வைத்துவிட்டு, நிமிர்ந்து, மாடி ஜன்னலைப் பார்க்காமலேயே போய்விடுவான். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து அவள் எடுத்த படங்களில் எல்லாருக்கும் குமாரின் சாடை வந்தது. பல்லே முளைக்காத குழந்தை ஞானஸ்நானப் படத்தில் தெத்துப்பல் தெரியச் சிரித்தது. வார்டு தேர்தலில் நின்ற ஒருவரின் சுவரொட்டியில் முகவாய் வெட்டு வந்துவிட, பழகிய முகமாக இருக்கிறதே என்று ஜனங்கள் ஓட்டுப் போட்டு அவரை ஜெயிக்கவைத்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்துபோன சங்கதி குமாருக்கு மட்டும் தெரியாது. அவன் லாரியிலேயே பாதி நாளும் தூக்கத்திலேயே மீதி நாளும் கழித்தவன்; தவிர, அவனிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டார்கள்.

இப்படியிருக்க, குமாருக்கு அதியமான்கோட்டையில் பெண் பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பெண் சசிகலா, தருமபுரியில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். நல்ல முகூர்த்த நாளாகப் போய்விட்டதால் பாலக்கோடு வரைக்கும் ஒரு போட்டோக்காரனும் ஓய்வாக இல்லை. குமாரின் அம்மா செல்லம்மாள் நேராக மாடியேறி வந்தாள். வேண்டாம் என்று தடுத்த சொந்தக்காரர்களிடம் அவள் ஒரு நியாயம் சொன்னாள். "அந்தப் பொண்ணு யாரை எடுத்தாலும் எம் மவன் சாடைதான வருது? எம் மவனையே எடுத்தா அதுல கெட்டுப்போவ என்ன இருக்குது?"

ஆக்சிலியா முன்பணம் வாங்காமல் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு வலித்தது; பொறுக்க முடியாத அளவுக்கு வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தன் ஆத்திரத்தில் சசிகலாவின் முகம் கோணிப்போய்விடக் கூடாது. தன்னைக் கண்ணால்கூடப் பார்த்திராத பெண், அவள் என்ன பாவம் செய்தாள்? காலையில் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு பஸ் ஏறினாள். அதியமான்கோட்டையில் முதல் பந்தியில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். தட்டு மாற்றினார்கள், சந்தனம் பூசினார்கள், அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். சசிகலாவை எடுக்கும்போதெல்லாம், நல்லா இரு தாயே, நல்லா இரு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். குமாரை எடுக்கும்போது ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. இனிமேல் இப்படி நின்று பார்க்க முடியாது என்று பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆல்பம் பெண் வீட்டுக்குப் போனது. பிரித்துப் பார்த்தவர்களுக்கு முதலில் நிம்மதி. எல்லாரும் அவரவர் முகத்தோடு இருந்தார்கள். கொட்டாவி விட்ட சித்தப்பா கொட்டாவியோடும், சசிகலா இதுவரை எந்தப் படத்திலும் வராத அழகோடும் இருந்தார்கள். குமாரும் அதே காது, அதே பல், அதே வெட்டோடுதான் இருந்தான். ஆனால் அவன் இருந்த பக்கம் வந்ததும் பார்த்த பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடிய பிறகுதான் அந்த வீட்டில் ஒருவர் நகர்ந்தார்.

மறுநாள் சசிகலா வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு வந்தாள். ஸ்டுடியோ மேசையில் அதைத் திறந்து வைத்தாள்.

"அன்னிக்கு அவ்வளவு நேரம் அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தேனுங்க. இந்தப் பல்லுக்குக் கம்பி போட்டா சரியாயிடும்னு நெனச்சுட்டு இருந்தேன். இந்தப் போட்டோவுல இருக்கற ஆளை நான் பாக்கவே இல்லீங்க. பாத்தது நீங்க. நீங்களே கட்டிக்கோங்க."

ஆக்சிலியா அழுதாள். அன்று சாயங்காலம் அவள் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்களில் எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

சசிகலா விட்டுப்போன ஆல்பம் அடுத்ததாகக் கீழே டீக்கடையில் குமார் கைக்குப் போனது. டீ ஆறி ஆடை படிகிறவரை அவன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு முதல்முறையாக மாடி ஏறினான்.

"நான் இப்படியாங்க இருக்கறேன்?"

"எனக்கு அப்படித்தாங்க தெரியுது" என்றாள் ஆக்சிலியா.

அவன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டான். அதில் பழைய குமார்தான் இருந்தான். "அப்போ நான் இங்கியே இருந்துக்கறேன்" என்றான்.

அது அத்தனை லேசில் நடந்துவிடவில்லை. தெரசா ஒரு வருடம் மகளோடு பேசவில்லை, அந்த வருடம் பிடித்த படங்களில் ஒருவர் வாயும் திறந்திருக்கவில்லை. செல்லம்மாள் தன் வாயாலேயே கூப்பிட்ட போட்டோக்காரி என்பதால் யாரைக் குற்றம் சொல்வதென்று தெரியாமல் ஆண்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் ஒரு தடவை, ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு தடவை என்று கல்யாணம் முடிந்தது. குழந்தையும் பிறந்தது. அதற்குக் குமார் சாடை இருந்ததை யாரும் விசேஷமாகச் சொல்லவில்லை, ஊரில் அந்த வயசுப் பிள்ளைகள் பாதிப் பேருக்குப் படத்தில் அது இருந்தது.

சசிகலாவுக்கு நல்லம்பள்ளியில் மாப்பிள்ளை அமைந்தபோது ஆக்சிலியா கணவனையும் அழைத்துக்கொண்டு, பழம் பூவோடு அவள் வீட்டுக்குப் போனாள். பத்துப் பைசா வாங்காமல் நானே எடுத்துத் தருகிறேன், அது என் கடமை என்றாள். சசிகலா இருவருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட்டாள். கிளம்பும்போது ஆக்சிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. கல்யாணத்துக்குக் குடும்பத்தோட கண்டிப்பா வரணும், கேமரா மட்டும் வேணாம். எங்க வூட்டுக்காரரை நானே பாத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தபடி, பக்கத்தில் இருந்தவனை அவளே செல்போனில் எடுத்தாள். மாலையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு எடுத்ததில் மாப்பிள்ளையின் பாதித் தலை வெட்டுப்பட்டு, மூலையில் அவள் கட்டைவிரல் விழுந்து, முகமே கலங்கித் தெரிகிறது. அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு நல்லம்பள்ளி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். என்ன அழகான மனுசன், என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.