கீழ்ச்சாலை வழியாக

வேன் டிரைவர் துய் பற்றவைத்த ஊதுபத்தி காற்றில் அணைந்து அணைந்து கடைசியில் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. வேனின் பக்கக் கதவு வழியாக அதை நீட்டி தோகிகோவின் கையில் கொடுத்தான்.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க அக்கா. இனிமே நீங்கதான் அவருக்கு வழி சொல்லணும். பாலம் வந்தா பாலம்னு சொல்லணும், திரும்பினா திரும்புறோம்னு சொல்லணும். சொல்லாம விட்டீங்கன்னா ஆளு இந்த ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பாரு."

எந்தப் பாஷையில் சொல்வது என்று தோகிகோ கேட்டாள். துய் கொஞ்சம் யோசித்தான்.

"அவருக்கு எங்க பாஷை வருமா?"

"ரெண்டே வார்த்தை. 'காரம் வேண்டாம்.' அப்புறம் 'ட்ராஃபிக்.'"

"அத வச்சுக்கிட்டு பாங்காக்ல ஒரு ஆயுசே ஓட்டிடலாமே," என்றான் துய். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உங்க பாஷையிலயே சொல்லுங்க."

வேனின் நடு இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அதை ஒட்டி ஒரு மடக்கு ஸ்டூல், அதில் அவள். நேற்றுக் காலை தொழிற்சாலையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்த அவள் கணவர் ஷிகேரு அப்படியே சரிந்து விழுந்திருந்தார். ஆற்றுக்கு மேற்கே இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிழக்கே, அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து விகாரையில் இன்று மாலை இறந்தவரின் கையில் நீர் ஊற்றும் சடங்கு. நாளை தகனம். ஷிகேருவின் தம்பி நொபுவோ ஒசாகாவிலிருந்து வந்து இறங்கி நேராக விகாரைக்குப் போய்விட்டான். சாம்பலை அவன்தான் ஊருக்கு எடுத்துப் போகப் போகிறான். எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்களே ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்தப் பயணம் மட்டும்தான்.

"ஏங்க, கிளம்புறோம்," என்றாள் மெதுவாக. கூச்சமாக இருந்தது. பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில்கூட அவர் அப்படித்தான்.

ஆஸ்பத்திரித் தெருவைத் தாண்டியதும், தூண்கள்மேல் ஓடும் மேல்ரோட்டுக்கு ஏறும் சரிவு தெரிந்தது. அதில் ஏறிவிட்டால் சடங்குக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று துய் சொன்னான்.

மேல்ரோடு. ஷிகேரு தினமும் விடிவதற்கு முன் கம்பெனி வண்டியில் அதில் ஏறுவார், இருட்டிய பிறகு அதிலேயே திரும்பி வருவார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சிமெண்டுச் சுவர். இங்கே குடிவந்து ஒரு வருஷத்தில் அவர் பார்த்த பாங்காக் அந்தச் சுவர்தான்.

தோகிகோவின் கதை வேறு. வந்த புதிதில் அவளுக்குத் தெருவைக் குறுக்கே கடக்கவே பயம். வாசல் விளக்குக் கம்பத்தடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் ஒரு பள்ளிக்கூடப் பெண் கையை லேசாக உயர்த்தியபடி வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்க, அவள் பின்னாலேயே தோகிகோவும் நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. கால்வாய்ப் படகில் சாக்கடைத் தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஓரத்தில் உட்கார்ந்தவர்கள்தான் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்க வேண்டும். அந்த வேலையை அவள் பெருமையாகச் செய்தாள். கடைசி நிறுத்தம் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே என்ன கிடைக்கிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவர் மென்றபடியே கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், "அடுத்த ஞாயித்துக்கிழமை போலாம்," என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குள் எப்போதோ தயாராகிவிட்டது. முதலில் பாலம், பிறகு பூச்சந்தை, பிறகு சீனக் கடைத்தெரு. அவர் தூங்கி ஓய்வெடுத்த ஒவ்வொரு ஞாயிறும் அதில் இன்னொரு இடத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

"மேல வேண்டாம்," என்றாள். "கீழயே போங்க."

துய் கண்ணாடியில் பார்த்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா. பிக்குங்க வந்து உக்காந்துடுவாங்க. கீழ போனா எப்பப் போய்ச் சேருவோம்னு புத்தருக்கே தெரியாது."

"அவரு கீழ பாத்ததே இல்ல தம்பி."

சரிவு நெருங்கியது. வேனின் சைகை விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. சரிவு பக்கவாட்டில் உயர்ந்து போனது. வேன் கீழேயே போனது.

பாலம் வந்தபோது துய் பின்பக்கமாகக் கையை நீட்டி ஒரு நாணயத்தைக் கொடுத்தான். பாலத்துச் சாமிக்கு.

"ஏங்க, பாலம். ஆத்தத் தாண்டுறோம்." நாணயத்தை ஜன்னல் வழியாக விட்டாள். கீழே ஒரு குட்டிப் படகு, தன்னைப்போலப் பல மடங்கு பெரிய மணல் தோணிகளை வரிசையாக இழுத்துக்கொண்டு போனது. "அதோ பாருங்க, அன்னைக்குச் சொன்னேன்ல? இவ்வளவு சின்னது எப்படி இழுக்கும்னு கேட்டீங்களே. இழுக்குது பாருங்க."

பாலம் இறங்கியதும் பூச்சந்தையின் வாசனை வண்டிக்குள் வந்துவிட்டது. சாமந்தி மூட்டைகள், தாமரை மொட்டுக் கட்டுகள், ஆளை மறைக்கும் உயரத்துக்குக் கூடைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்கள். தோகிகோவின் குரல் உயர்ந்தது. முதல் தடவை வந்தபோது இந்த மூலையில்தான் வழி தவறினேன், அந்தப் பச்சைக் குடைக்காரிதான் கையைப் பிடித்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டாள் என்று கைநீட்டிக் காட்டினாள். ஸ்டூலிலிருந்து எழுந்து பெட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

வண்டி திடீரென்று நின்றது. பின்னால் ஹார்ன் சத்தம்.

"அக்கா, நான் வலப்பக்கம் திரும்பிட்டேன். நீங்க இடப்பக்கம் கையக் காட்டிக்கிட்டு இருக்கீங்க. மனுஷன் அந்தப் பக்கம் போயிருப்பாரு."

"ஐயோ."

துய் வண்டியைப் பின்னால் எடுத்தான். ஒரு டுக்டுக் ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டித் திட்டினான். துய் ஊதுபத்தியைக் காட்டினான். டுக்டுக்காரன் கும்பிட்டுவிட்டு, பின்னால் வந்த வண்டிகளையும் கைகாட்டி நிறுத்தினான். முனைக்குத் திரும்பி வந்ததும், "ஏங்க, வலது. வலப்பக்கம். எங்கூடயே வாங்க," என்றாள் தோகிகோ. சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் ஊதுபத்தியும் மறு கையில் பெட்டியுமாக இருந்ததால் வாயை மூடிக்கொள்ளக்கூட முடியவில்லை.

சீனக் கடைத்தெருவில் வண்டிகள் அசையவில்லை. செல்போன் அடித்தது. நொபுவோ.

"அண்ணி, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்து உக்காந்தாச்சு."

"ட்ராஃபிக்."

"மேல்ரோட்டுல வரலையா?"

அவள் வெளியே பார்த்தாள். "ட்ராஃபிக், நொபுவோ," என்று திரும்பவும் சொன்னாள். ராத்திரிதோறும் இதே செல்போனில் ஷிகேருவின் குரலில் இந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டதும் சூப்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவாள்.

நடைபாதையில் ஒரு பெண் சாலட்டுக்காக உரலில் பப்பாளிக்காயை இடித்துக்கொண்டிருந்தாள். தோகிகோ ஜன்னல் வழியாகக் கேட்டாள்: ஒன்று கொடுங்கள், காரம் வேண்டாம்.

"காரம் இல்லாமலா? கொழந்தைக்கா?"

"என் வீட்டுக்காரருக்கு."

"ஜப்பான்காரரா? அந்த ஊர் ஆம்பளைங்க நாக்கு..." என்று ஆரம்பித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஊதுபத்தி. அதற்குப் பின்னால் பெட்டி. உலக்கை நின்றது. பிறகு ஒரு பிடி வேர்க்கடலையை அள்ளிப் போட்டு, மெதுவாக, சத்தமே வராமல் இடித்தாள். எலுமிச்சையை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தாள்.

பொட்டலத்தைத் தோகிகோ பெட்டியின் மேல் வைத்தாள். பழைய ஊதுபத்தி தீர்ந்தது. துய் புதிதாக ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தான். ரயில் நிலையம், கறிச்சந்தை, கால்வாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லாமல் விட்டது எதுவும் இருக்கக்கூடாதென்று மூச்சுவிடாமல் சொன்னாள். கால்வாய்ப் பாலத்தில் துய்யே நாணயத்தை வீசினான். கிளம்பும்போது ஒருமாதிரியாகப் பார்த்தவன், இப்போது அவள் ஜப்பான் பாஷையில் எதையோ சொல்லிச் சிரித்தால், புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தான்.

பிறகு அவர்கள் தெரு வந்தது. சலவைக்கடை. விளக்குக் கம்பம். இது அவருக்கே தெரியும். அவள் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

வேன் விகாரைக்குள் நுழைந்து நின்றது. வெயில் தாழ்ந்த முற்றத்தில் ஆளரவம் இல்லை. ஒரு நாய் நட்டநடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மண்டப வாசலிலிருந்து கருப்புக் கோட்டுப் போட்ட நொபுவோ அவர்களைப் பார்த்தான், படியிறங்க ஆரம்பித்தான்.

"வந்தாச்சு அக்கா," என்றான் துய் தணிந்த குரலில். "எறங்குங்கன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எறங்குவாரு."

தோகிகோ வாயைத் திறந்தாள். ஊதுபத்தியின் சாம்பல் நீண்டு வளைந்து அவள் மடியில் உதிர்ந்தது.

"இன்னும் வரல," என்றாள். "ட்ராஃபிக்."

துய் முற்றத்தைப் பார்த்தான். தூங்கும் நாயைப் பார்த்தான்.

"ஆமாக்கா," என்றான். "பயங்கர ட்ராஃபிக்."

அவன் எஞ்சினை நிறுத்தவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, முன்னால் வண்டிகள் நகரக் காத்திருப்பவனைப்போல நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.