ஓடை விழும் இடம்

காவேரியின் கூடையில் மீன் துள்ளும்போதெல்லாம் கங்கம்மாளுக்கு வயிறு எரியும். இருவரும் ஓரகத்திகள். ஒரகடம் கூட்ரோட்டில், கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவர்கள். கங்கம்மாளின் புருஷன் சுப்பராயன் ஆற்று மடுவில் வலை வீசுவான். அவன் தம்பி, காவேரியின் புருஷன், சற்று மேலே, ஏரிக் கசிவு ஓடையாக வந்து ஆற்றில் விழும் இடத்தில் வீசுவான். ஓடை என்ன பெரிய ஓடை, ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் கெண்டையும் விராலும் அங்கேதான் போய் மொய்த்தன.

"அந்தக்கா மீனுதான் உசுரோட கெடக்கு" என்று கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் கங்கம்மாளைத் தாண்டிப் போவார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் அவள் தனியாகப் போய், சாக்குகளில் மண்ணை அள்ளிக் கட்டி ஓடையை மறித்தாள். தண்ணீர் திரும்பி, மண் தோண்டிய பள்ளம் ஒன்றில் இறங்கியது. மீன்கள் இனி மடுவுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

வந்தன. மூன்று நாள் அவள் கூடை நிறைந்தது.

"ஓடை காஞ்சு பூட்ச்சுக்கா" என்றாள் காவேரி, வெறுங்கூடையோடு.

"வெயிலு அப்டி கீதுடி."

நான்காம் நாள் காலை சுப்பராயன் வலையை நனைக்காமலே திரும்பினான்.

"மடு முழுக்க மீனு வாயப் பொளந்துகினு மெதக்குது. தண்ணி கறுத்து நாறுதுடி. மேலேர்ந்து வர்றது மொத்தமும் சாக்கடை. அந்த ஓடைத் தண்ணி கலந்துதான் இத்தினி நாளு மீனுங்க மூச்சு வுட்டுகினு இருந்துதுங்க. அது எப்டி நின்னுச்சோ!"

கங்கம்மாள் ஓடைக்கு ஓடினாள். நாலாவது சாக்கை இழுக்கும்போது கரையில் காவேரி நின்றிருந்தாள்.

"நீயாக்கா?"

"ஆமா. உன் கூடையப் பாத்துப் பாத்து எனக்குப் பொறுக்கல."

காவேரி கரையில் கிடந்த சாக்குகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "நீ வெச்சது, நீயே எடு" என்று உட்கார்ந்துவிட்டாள். கடைசிச் சாக்கு வெளியே வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மடு தெளிய ஆடி ஆயிற்று. மீன் முதலில் ஓடை விழும் இடத்துக்குத்தான் வந்தது. காவேரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கடை போட்டாள். நடந்ததைப் புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. கங்கம்மாளுக்கு அந்தப் பெருந்தன்மையின் மேலும் பொறாமையாக இருந்தது.