மூச்சு மெசினும் இரண்டு முதலைகளும்

பொய் என் வாய்க்குள் இருக்கும்வரை பொய்யில்லை. வெளியே வந்த பிறகு மற்றவர்கள்தான் அதைப் பொய்யாக்குகிறார்கள். என் பேத்தி தேனுகாவின் கல்யாணம் குழம்பப் பார்த்த அன்றைக்குத்தான் இதை உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை பிரவீனன் நல்ல பிள்ளை. தகப்பன் தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். மாசி மாதம் இருவரும் கனடாவில், மில்லிக்கனிலுள்ள எங்கள் வீட்டுக்கு நாள் குறிக்க வந்தார்கள். சோறு முடிய, என் மனிசி புஸ்பராணி தயிரும் அதற்கு ஊற்ற இனிப்புப் பாணியும் வைத்தாள். பையில் விற்கிற பாலில் நான் போட்ட தயிர்தான். அவ்வளவு கட்டி, ஒருமுறை அணில் ஒன்று அதன்மேல் நடந்துபோயும் கால் நனையவில்லை.

தவராசா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, இது படுவான்கரைத் தயிரெல்லே? நீங்கள்... சைக்கிள்ல தயிர் கொண்டு திரிஞ்ச சீனித்தம்பியரோ?"

தொண்ணூற்றேழில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை இயக்கத்தின் கையில். கிழக்கே டவுன் ஆமியின் கையில். காலையில் தயிரோடு அங்கே போய், பின்னேரம் வெறும் சட்டியோடு திரும்புவேன். இரண்டு பக்கத்துச் சென்றிக் காவலிலும் ஒரே கேள்வி: அந்தப் பக்கம் என்ன கண்டாய்? என் தம்பியின் மகன் இயக்கத்தில். மனிசியின் தம்பி டவுனில் பொலிஸில். எந்தப் பக்கம் உண்மை சொன்னாலும் இழவு எங்கள் வீட்டில்தான். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நேர்மையாகப் பொய் சொன்னேன்.

இயக்கத்தின் சென்றியில் கொப்பியும் பேனையுமாக இருந்த மெலிந்த இளந்தாரிதான் இந்தத் தவராசா. 'இவர் ரெண்டு பக்கமும் தகவல் சொன்னவர்' என்று இவர் ஒரு சொல் சொன்னால் போதும். துரோகியின் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? தேனுகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அனலைதீவு ஆள்," என்றேன். "தயிரக் கண்ணாலயும் கண்டதில்ல."

"என்ன கதைக்கிறீங்க? கனடாவுக்கு வருமட்டும் இந்த மனிசன் மட்டக்களப்ப விட்டு வெளிக்கிடல்ல," என்றாள் புஸ்பராணி. ஐம்பத்திரண்டு வருடமாக அவள் எனக்கு இப்படித்தான் உதவி செய்துவருகிறாள்.

தவராசா கரண்டியை வைத்தார். "மூச்சு மெசின் ஞாபகமிருக்கோ? ஆமி ஒரு மெசின் பூட்டியிருக்கிறான், இக்கரையில ஆர் மூச்சு விட்டாலும் எத்தினை பேர், காலமை என்ன சாப்பிட்டவை எண்டெல்லாம் காட்டுமெண்டு சொன்னீங்கள்."

"அது சின்ன மெசின்," என்றேன்.

பிரவீனன் சிரித்துவிட்டான். தகப்பன் சிரிக்கவில்லை.

"பச்சைப் பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும், ஐயா. அடுத்த நாள் பதினெட்டுப் பேர் வாவி கடந்து போய் அடிக்க இருந்தம். நானும் ஒராள். நீங்கள் ஒரு மெசின் சொன்னீங்கள். நான் றிப்போட்டில மூண்டெண்டு எழுதினன். மேலை இருந்தவை போகவேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்." மகனைக் காட்டினார். "நீங்கள் உண்மை கதைச்சிருந்தா, உவன் இஞ்ச இருந்து தயிர் சாப்பிடான்."

எழுபத்தொன்பது வயதில் முதல் தடவையாக எனக்குச் சொல்லப் பொய் ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை காலமும் நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். நம்பியதுபோல் எழுதிய ஒருவர் இருந்தபடியால் அல்லவா ஆமியின் திருப்பியடியில்லாமல் எங்கள் ஊர் தப்பியது!

"நன்றி தம்பி," என்றேன்.

கல்யாணம் ஆவணியில் என்று முடிவாயிற்று. வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே தவராசா கேட்டார்:

"அப்ப ஆமிக்கு என்ன சொன்னனீங்கள்?"

"இயக்கம் முதலைக்கு ட்ரெயினிங் குடுத்து வாவிக்குள்ள விட்டிருக்கு எண்டு."

"எத்தினை முதலை?"

"ரெண்டு."

தவராசா மற்றச் சப்பாத்தையும் மாட்டினார். "அவங்களும் வரேல்லையே. அப்ப அங்கையும் ஒருத்தன் முதலையைக் கூட்டி எழுதியிருக்கிறான்."

அந்த ஆமிக்காரனை எங்கே போய்த் தேட? அதிலிருந்து சனிக்கிழமைகளில் எங்கள் தெருவிலுள்ள சிங்களவர் வீட்டுக்கு ஒரு சட்டி தயிர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் பல் வைத்தியர். ஆமியில் ஒருநாளும் இருந்ததில்லையாம். அதற்காகத் தயிரை நிறுத்த முடியுமா?